இடக்கைப் பூச்சு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்க எப்போதும் இரண்டு பேர் வேண்டும். அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி. நாலு முனையையும் பிடித்து உதறி, நீளத்தில் ஒரு மடிப்பு மடித்து, இரண்டு பேரும் நடந்து கிட்டே வந்து, முனைகளை ஒருத்தி கையில் கொடுத்துவிட்டு மற்றவள் பின்னால் போகவேண்டும். பதினான்கு வருஷமாக இதே நாலடியை முன்னும் பின்னும் நடந்தவள் இஸ்திரியக்கா. அவ்வளவு தூரத்தையும் நேராக நடந்திருந்தால் ஏதாவது ஒரு கடற்கரையில் போய் நின்றிருப்பாள்.

எதிர்முனையில் நெட்டச்சி. விரிப்பு தரையில் படாமல் மடிக்க அவளுடைய உயரம் தோது, வாய்தான் அடங்காது. அந்த மாதம் முழுக்க அவளுக்கு ஒரே பேச்சு.

"என்னக்கா, சாவி கையில வந்தாச்சா?"

"வெள்ளிக்கிழமைடி. கையெழுத்துப் போட்டா சாவி."

"அப்புறம் எங்களையெல்லாம் கண்ணு தெரியுமா உனக்கு? சொந்த வீட்டுக்காரி ஆயிடுவ."

"உனக்கு மட்டும் கதவத் தொறக்க மாட்டேன். நிலை இடிச்சு ஒடைஞ்சு போகும்."

சிரித்தார்கள். ஆனால் இஸ்திரியக்காவின் சிரிப்பு அந்த வாரம் பாதியிலேயே நின்றுவிட்டது. வீட்டில் என்னவோ சரியில்லை. என்னவென்று தெரியாததுதான் அவளைத் தின்றது.

அவளும் புருஷனும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் அது. வேலைக்குப் போக இரண்டு பஸ் ஏறவேண்டிய இடத்தில் ஒரு பஸ் ஏறி மீதியை நடந்தாள். மகளுக்குக் கவுன் வாங்கும்போதே இரண்டு அளவு பெரிதாக வாங்கி, கீழே அகலமாக மடித்துத் தைத்து, வருஷத்துக்கு ஒரு மடிப்பாகப் பிரித்துவிட்டாள். அந்தப் பெண் எந்தக் கவுனைப் போட்டாலும் கீழே வெளுக்காத கோடுகள் தெரியும். பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்கள் என்று ஒருநாள் அழுதாள். "சொந்த வீடு வந்ததும் உனக்குன்னு ஒரு ஜன்னல் தரேன்டி" என்று சொல்லிச் சமாளித்தாள். பதினைந்து வயதில் அந்தப் பெண் இப்போது எதற்கும் அழுவதில்லை, ஜன்னலைப் பற்றி மட்டும் கேட்பாள்.

புருஷன் பூச்சுவேலைக்காரர். இடது கையால் வேலை செய்வதால் எல்லோருக்கும் அவர் நொட்டாங்கை. அசல் பெயரைச் சொன்னால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். சுவரைப் பூசி, ஈரம் இழுக்கும் பதத்தில் பலகையை வைத்துத் தேய்த்தாரென்றால் பிள்ளையின் கன்னம் மாதிரி வந்து நிற்கும். மூன்று மாதம் வெளியூரில் ஓட்டல் கட்டும் வேலைக்கு அவர் போயிருந்த சமயத்தில்தான் இந்த வீடு அமைந்தது. மூன்று மாடிக் கட்டடம். தரைத்தளத்தில் சொந்தக்காரரின் அலுவலகம், நடுமாடியில் இவள் பார்த்த வீடு. ஒரு அறை, ஒரு கூடம், அடுப்படி, மேற்கே பார்த்து ஒரு பெரிய ஜன்னல். விலை மற்ற இடங்களைவிடக் குறைவு. இன்னொருவர் பேசிக்கொண்டிருக்கிறார், நாளைக்குள் முடிவு சொல்லுங்கள் என்றார் சொந்தக்காரர். போன் பண்ணினாள். அந்தப் பக்கம் கலவை மிஷின் ஓடும் சத்தம்.

"ஏங்க, புடிச்சிருக்குங்க. முன்பணம் குடுத்துடவா?"

"நீ பாத்தா சரிதான். குடுத்துடு."

கொடுத்தாள். ஆறு வருஷச் சேமிப்பு ஒரே நாளில் கைமாறியது. மீதிக்கு வங்கிக் கடன். வங்கியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து, தலையைத் தூக்கிப் பார்த்து, சுவரைத் தடவிப் பார்த்து, "நல்ல வேலை" என்று எழுதிக்கொண்டு போனார். மேல்மாடி வீட்டில் ஒரு தையல்காரி இருந்தாள். எட்டு மாதத்துக்கு முன்புதான் அந்த வீட்டை வாங்கியவள். இடுப்பில் சின்னப் பெண்ணோடு இறங்கி வந்து, "யோசிக்காதீங்கக்கா, நல்ல காத்து வரும். பக்கத்துல ஆளிருந்தா எனக்கும் பேச்சுத்துணை" என்றாள். அந்த ஒரு சொல்லே இஸ்திரியக்காவுக்குப் போதுமாக இருந்தது.

புருஷன் ஊர் திரும்பிய அன்றே வீட்டைக் காட்ட அழைத்துப் போனாள். தெருமுனை திரும்பியதும் நொட்டாங்கை நின்றார். கட்டடத்தைப் பார்த்தார். அடிமாடியிலிருந்து உச்சிவரை ஒருதரம் பார்த்தார்.

"இதுவா?"

"இதேதான். என்னங்க?"

"செருப்பு வாரு அறுந்துடுச்சு. இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

வாரு அறுந்திருந்தது உண்மைதான். ஆனால் அதை அவர் காலால் மிதித்து இழுத்ததை அவள் பார்த்தாள். அன்றிலிருந்து மூன்று வாரம். ஒருநாள் முதுகுவலி, ஒருநாள் வேலை நீண்டுவிட்டது. சாப்பாட்டில் பாதி தட்டிலேயே கிடந்தது. வீட்டுப் பேச்சு எடுத்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். தன்னைக் கேட்காமல் முன்பணம் கொடுத்ததாகக் கோபமோ, இல்லை வெளியூரில் வேறு ஏதாவதோ என்று அவள் மனசு போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போய் வந்தது.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் ஜன்னலுக்குத் திரை அளவெடுக்கவேண்டும் என்று சொல்லிச் சொந்தக்காரரிடம் சாவி வாங்கிக்கொண்டு தனியாகப் போனாள். மகளின் பள்ளி அளவுகோல்தான் கையில். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகக் கூடத்துக்குள் சாய்ந்து விழுந்திருந்தது. முன்பு வந்ததெல்லாம் காலையில். இந்த வெளிச்சத்தில் அந்தக் கூடத்தை அவள் பார்த்ததில்லை.

அளந்துவிட்டுத் திரும்பியவள் கூரையின் குறுக்கே போகும் பீமைப் பார்த்தாள். பக்கவாட்டில் விழுந்த வெயிலில், பெயிண்டுக்கு அடியில், பலகை தேய்த்த வளைவுகள் வரிசையாகத் தெரிந்தன. பிறை பிறையாக, ஒன்றின்மேல் ஒன்று. அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். வளைவுகள் எல்லாம் மறுபக்கம் திரும்பியிருந்தன.

அவர் பூசிக்கொடுத்த வாடகை வீட்டு அடுப்படிச் சுவரில் இதே வளைவுகளைப் பார்த்துக்கொண்டுதான் பத்து வருஷமாகச் சமைக்கிறாள். வலது கைக்காரன் பூசினால் பிறை ஒருபக்கம் பார்க்கும், அவர் பூசினால் அடுத்த பக்கம் பார்க்கும். கல்யாணமான புதிதில் அவரே காட்டியிருக்கிறார். "ஆயிரம் சுவரு இருந்தாலும் என் சுவரு எதுன்னு நீ கண்டுபுடிச்சிடலாம்" என்று. சுற்றிலும் பார்த்தாள். மற்ற சுவர்களிலெல்லாம் பிறை சரியாகத்தான் இருந்தது. இந்தப் பீமிலும், அதையொட்டி ஒரு முழ அகலத்துக்குக் கூரையிலும் மட்டும் திரும்பியிருந்தது.

மூலையில் கிடந்த முக்காலியை இழுத்துப்போட்டு ஏறினாள். நல்ல பூச்சு கெட்டியாகப் பேசும், விட்டுப்போன பூச்சு பானை மாதிரி பேசும் என்பார் அவர். சாவியால் தட்டினாள். பானைதான் பேசியது. ஒரு சாண் தள்ளித் தட்டினாள். அங்கேயும் பானை. அப்போது மேலே தையல் மிஷின் ஓட ஆரம்பித்தது. பீமைத் தொட்டுக்கொண்டிருந்த அவள் விரல்களுக்கு அந்த ஓட்டம் அப்படியே இறங்கிவந்தது. சுண்ணாம்புத் தூள் கொஞ்சம் மணிக்கட்டில் விழுந்தது. இறங்கத்தான் நினைத்தாள். பீமையே பிடித்துக்கொண்டு, அதுதான் விழும் என்று தெரிந்தும் அதையே பிடித்துக்கொண்டு, மிஷின் நிற்கும்வரை முக்காலியிலேயே நின்றாள்.

வீட்டுக்கு வந்தபோது நொட்டாங்கை வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். மகள் இன்னும் வரவில்லை. அவள் அளவுகோலை மேடைமேல் வைத்தாள். கையைக் கழுவவில்லை. மணிக்கட்டுத் தூளை அவர் கண் பார்த்துவிட்டது.

"போயிருந்தியா?"

"அந்தப் பீம நீங்கதான் பூசினீங்க."

கத்தி நின்றது.

"எத்தனை பீமுங்க?"

"ஆறு. மாடிக்கு ரெண்டு."

"உள்ள என்ன இருக்கு?"

அவர் வெங்காயத்தைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். "மொட்டமாடித் தண்ணித்தொட்டி வருஷக்கணக்கா ஒழுகியிருக்கு. மேற்குப் பக்கம் பூரா ஊறிப்போச்சு. நான் பழைய பூச்சக் கொத்தினேன். கம்பி கையில வருது. துருப்பிடிச்சு வீங்கி, ஏடு ஏடா உரியுது. மேஸ்திரிகிட்டச் சொன்னேன், இது பூசற வேலை இல்லண்ணே, முட்டுக் குடுத்து, கம்பி மாத்திக் கட்டணும்னு. அவரு சொந்தக்காரர்கிட்டப் பேசிட்டு வந்தாரு. மேல கம்பி வலையடிச்சுப் பூசிடு, ரெட்டைக் கூலின்னாரு."

"பூசினீங்க."

"பூசினேன். வாடகைக்கு விடற கட்டடம், கொஞ்ச நாள்ல அவங்களே இடிச்சுக் கட்டிருவாங்கன்னாரு. நம்பினேனோ, நம்பின மாதிரி இருந்தேனோ, தெரியல. ஆறு வருஷமாச்சு."

ஆறு வருஷம். அவளுக்கு நினைவு வந்தது. அந்த வருஷம் ஒருநாள் அவர் ஒரு கட்டு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்து, "வங்கியில போடு, இத எடுக்கவே கூடாது" என்றார். அவள் அன்றைக்கு ஜன்னலைப் பற்றி முதன்முதலாக மகளிடம் சொன்னாள்.

"வந்த அன்னிக்கே ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்வேன்? உன் ஆறு வருஷத்த அவன் கையில குடுத்துட்டு நிக்கற. மகளும் நீயும் ஜன்னல் ஜன்னல்னு பேசிட்டிருக்கீங்க. நான் பூசினதுன்னு எந்த வாயால சொல்றது? நாமளே முட்டுக் குடுத்துக்கலாமான்னு பாத்தேன். நம்ம வீட்டுக்குக் குடுக்கலாம். மேல இருக்கறதுக்கு யாரு குடுப்பா? அதுதான் ரொம்ப மோசம். தொட்டிக்கு நேர் கீழ அதுதான்."

"வங்கி இன்ஜினியர் பாத்தாரே. நல்ல வேலைன்னு எழுதினாரே."

அவர் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கொஞ்சம் மோசமாப் பூசியிருந்தா விரிசல் விட்டிருக்கும். எவனாவது பாத்திருப்பான். ஒளிச்சு வைக்கற வேலைதானேன்னு இருந்திருக்கணும். பலகையக் கையில எடுத்ததும் மறந்துட்டேன்."

அவள் அவரைத் திட்டவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். திட்டு வரவில்லை, பயம்தான் வந்தது. அடுப்பை அணைத்தாள். வெங்காயம் அப்படியே கிடந்தது.

புதன்கிழமை இரண்டு பேரும் சொந்தக்காரரைப் பார்க்கப் போனார்கள். எந்நேரமும் வெள்ளைச்சட்டைதான் போடுவார், ஒரு கறை இருக்காது. மேஜையில் ஒரு சின்ன மின்விசிறி அவருக்கு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. நொட்டாங்கை நின்றபடியே சொன்னார். அவர் குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டார். கோபப்பட்டிருந்தால்கூட இஸ்திரியக்காவுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

"அப்ப அந்தப் பீம பூசினது நீதான்."

"ஆமாங்க."

"நான் பூசச் சொன்னேன்னு யாரு சொல்வாங்க? மேஸ்திரி போய்ச் சேந்து மூணு வருஷமாச்சு. கட்டடம் என்னுது. வேலை உன்னுது. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, கம்பி துருப்பிடிச்சது தெரிஞ்சே மூடினது யாருன்னுதான் கேப்பாங்க."

வெள்ளைச்சட்டைக்காரர் அவள் பக்கம் திரும்பினார். குரல் இன்னும் மெதுவாயிற்று.

"பாரும்மா, நீ கஷ்டப்பட்டுச் சேத்த பணம். ஒப்பந்தப்படி நீங்களா வேணாம்னா முன்பணம் திரும்பாது. இருந்தாலும் தரேன். முழுசா. வெள்ளிக்கிழமை வாங்க. எங்க சொந்தக் காரணத்தால வேணாங்கறோம், கட்டடத்துல ஒரு குறையும் இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துட்டுப் போங்க. உங்களுக்கும் நல்லது, உங்க வீட்டுக்காரருக்கும் நல்லது."

தெருவுக்கு வந்ததும் அவளே முதலில் பேசினாள். அதை அவள் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

"வாங்கிடலாங்க. முதல்ல நம்ம பணம் கைக்கு வரட்டும்."

"மேல இருக்கறவங்க?"

"நம்ம பொண்ணப் பாருங்க முதல்ல. நீங்க உள்ள போனா நான் எங்க போவேன்? ரெண்டு நாள் கழிச்சு ஒரு மொட்டைக் கடுதாசி போட்டுடலாம்."

அவர் தலையை ஆட்டினார். சரி என்று ஆட்டினாரா, வேண்டாம் என்று ஆட்டினாரா என்று அவள் கேட்கவில்லை.

வியாழக்கிழமை சலவைக்கூடத்தில் வேலை அதிகம். ஆஸ்பத்திரியில் எது நடந்தாலும் இரண்டு நாளில் அதன் துணி கீழே வந்துவிடும். ஆள் யாரென்று தெரியாது, என்ன நடந்தது என்று துணி சொல்லும். எங்கோ ஒரு மதில் சரிந்து விழுந்ததாம். வந்த விரிப்புகளில் கறையோடு சிமெண்டுத் தூளும் இருந்தது. முதல் அலசலில் போகாது, ஈரம் பட்டால் பிடித்துக்கொள்ளும். அலசி, பிழிந்து, காயவைத்து மேஜைக்கு வந்த பிறகும் அவள் உள்ளங்கையில் நெருநெருவென்றது. அந்தக் குவியலில் குழந்தைகள் வார்டு விரிப்பும் நாலு இருந்தது. அதை மடிக்க இரண்டு பேர் வேண்டாம். ஒருத்தி கை அகலம்தான்.

"என்னக்கா, அதையே பாத்துட்டு நிக்கற?"

"உதறுடி" என்றாள். உதற வேண்டியது அவள்தான். கையிலிருந்த சின்ன விரிப்பை உதறாமலே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உடம்பு சரியில்லையா? நாளைக்குக் கையெழுத்தில்ல?"

"பயமா இருக்குடி."

"பின்ன, இத்தனை பெரிய பணம். எல்லாருக்கும் இருக்கறதுதான்" என்றாள் நெட்டச்சி. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இஸ்திரியக்கா அந்த நாலு விரிப்பையும் மடித்து, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டு சற்றுநேரம் நின்றாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் போனார்கள். அவள் கையில் துணிப்பை. பணம் வைக்கத்தான். மேஜையில் கட்டுகள் தயாராக இருந்தன. பக்கத்தில் எழுதிவைத்த தாள். ஆறு வருஷம் இவ்வளவு சின்ன இடத்தில் அடங்கும் என்று அவள் நினைத்ததில்லை. கொடுத்த அன்று பதற்றத்தில் சரியாகப் பார்க்கவில்லை.

"எண்ணிக்கோம்மா."

அவள் எண்ணவில்லை. தாளைப் படித்தாள். கட்டடத்தில் எந்தக் குறையும் இல்லை என்று இரண்டு இடத்தில் இருந்தது. வெள்ளைச்சட்டைக்காரர் பேனாவை நொட்டாங்கையிடம் நீட்டினார். அவர் இடது கையில் வாங்கினார். தாளின்மேல் குனிந்தார். பேனாவின் முனை தாளில் படவில்லை. அவர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். நீ சொல்லு, நீ சொன்னால் போட்டுவிடுகிறேன் என்ற பார்வை. இருபது வருஷத்தில் அவர் எதற்கும் இப்படிக் கெஞ்சியதில்லை.

மேலே எங்கேயோ மிஷின் ஓட ஆரம்பித்தது. இரண்டு மாடி தாண்டிக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. படிக்கட்டு வழியாக வந்திருக்கும். இல்லாவிட்டால் அவள் காதுக்கு மட்டும் கேட்டிருக்கும்.

"பேனாவ வைங்க" என்றாள்.

"என்னம்மா?" என்றார் வெள்ளைச்சட்டைக்காரர்.

அவள் பணத்தை ஒருதரம் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். மகளின் கவுன் மடிப்புகள், நடந்த தூரம், எல்லாம் அங்கே ரப்பர் போட்டுக் கிடந்தன. காலியான துணிப்பையை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு படியேறினாள். பின்னால் நாற்காலி நகரும் சத்தமும், "யோசிச்சுப் பாரு, உள்ள போவ நீ" என்ற குரலும், அதற்குப் பிறகு புருஷனின் செருப்புச் சத்தமும் கேட்டன. நடுமாடியில் அவளுடைய வீட்டுக் கதவைத் தாண்டும்போது அதைத் தொடவில்லை. அவர் எட்டிவந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரில் யார் யாரைத் தாங்கினார்கள் என்று சொல்ல முடியாது.

மேல்மாடிக் கதவு திறந்தே இருந்தது. பீமுக்கு நேர் கீழே மிஷின். அதனடியில் அந்தச் சின்னப் பெண் உட்கார்ந்து பட்டன்களைத் தரையில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். தையல்காரி வாயில் கடித்த நூலோடு நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"வாங்கக்கா. கையெழுத்தாயிடுச்சா? எப்பக் குடி வரீங்க?"

"மிஷின நிறுத்தும்மா" என்றாள் இஸ்திரியக்கா. "பாப்பாவத் தூக்கிக்கிட்டு இங்க வாசலுக்கு வா. ஒண்ணு சொல்லணும்."

தையல்காரி நூலை எடுத்துவிட்டு, ஒன்றும் புரியாமல், குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். குழந்தையின் கையிலிருந்து ஒரு பட்டன் விழுந்து உருண்டது. நொட்டாங்கை வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே கால் வைக்கவில்லை. இடது கையை உயர்த்தி உள்ளே கூரையைக் காட்டினார்.

"அம்மா, நான் பூச்சுவேலைக்காரன். அந்தப் பீம பூசினது நான்தான்."

தையல்காரி திரும்பி மேலே பார்த்தாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்களாண்ணே? அதப் பாத்துத்தாண்ணே நாங்க இந்த வீட்டையே வாங்கினோம்."